மாத்திரை பேர மட்டும் அனுப்புக்கா

போன மாதம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்குச் சித்தி மகளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. அவள் வீட்டுக்காரர் ரெண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார். மனநல டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மாமியார் பிடிவாதம். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். “அண்ணனுக்கும் இப்படித்தானக்கா இருந்துச்சு, இப்ப நல்லா இருக்காருல்ல. அந்த மாத்திரை பேர மட்டும் அனுப்புக்கா, இங்க தெரிஞ்ச மெடிக்கல்ல வாங்கிக்கிறோம்.”

பாதிப் பேரை டைப் செய்துவிட்டு அழித்தேன். என் தம்பியை எழுப்பி உட்கார வைத்த மாத்திரை அவள் வீட்டுக்காரருக்கு உதவாமல் போகலாம், ரத்தப் பரிசோதனை இல்லாமல் சாப்பிட்டால் ஆபத்தாகவும் முடியலாம். மனச்சோர்வுக்கு எல்லாரும் சாப்பிடுகிற மாத்திரையோ என் தம்பியைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கப் பார்த்தது. இதை ஒரு குரல் செய்தியில் எப்படிச் சொல்வது? “காலைல பேசுறேன்மா” என்று மட்டும் அனுப்பிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அன்று ராத்திரி மனதில் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். தம்பியிடம் கேட்டுவிட்டேன். கடைப் பேரைப் போடக் கூடாது, தன் பேரைப் போடக் கூடாது, மற்றபடி உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டான்.

எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். ஸ்விட்ச், ஒயர், மோட்டார், பிற்பாடு இன்வெர்ட்டர். 2017 கடைசியில் அப்பா போனதும் கடை தம்பி கைக்கு வந்தது. முதல் ஆறு மாதம் எதுவும் தெரியவில்லை. அப்புறம் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு உள்ளே உட்கார ஆரம்பித்தான். யாராவது வந்து ஒரு ஹோல்டர் கேட்டால் “இல்லை” என்பான். ஹோல்டர் அவன் தலைக்குப் பின்னால் ரெண்டாவது தட்டில் இருக்கும். எழுந்து எடுக்க முடியாது, அதனால் இல்லை. இதைப் பிற்பாடு அவனே சொன்னான். வியாபாரம் படுத்ததால் ஆள் படுத்துவிட்டான் என்று நாங்கள் நினைத்தோம், நடந்தது நேர் எதிர்.

அம்மா குணசீலம் கோயிலுக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம் தங்க வைக்க வேண்டும் என்றார். மாமா, கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகிறது, ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். சென்னையில் உட்கார்ந்திருந்த நான் அவர்கள் எல்லாரையும்விட மோசம். ஏனென்றால் நான் படித்திருந்தேன். மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவான், பேச்சு சிகிச்சைதான் சரி, காலையில் நடக்கச் சொல்லுங்கள், டைரி எழுதச் சொல்லுங்கள் என்று தினமும் ஒரு கட்டுரை அனுப்புவேன். ஹோல்டர் எடுக்க எழுந்திருக்க முடியாதவனை நடைப்பயிற்சிக்குப் போகச் சொன்ன புத்திசாலி நான்.

பேச்சு சிகிச்சையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். லேசான மனச்சோர்வுக்கு அதை மட்டுமே வைத்துத் தேறியவர்கள் ஏராளம். கோவாவில் நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. டாக்டர் படிப்போ மனநலப் பட்டமோ இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, தீவிரமான மனச்சோர்வு இருந்தவர்களோடு ஏழெட்டு முறை உட்கார்ந்து பேச வைத்தார்கள். இன்றைக்கு ஒரு சின்ன வேலை, நாளைக்கு இன்னொன்று என்று மெல்ல நகர்த்துகிற முறை அது. நன்றாகவே பலன் கிடைத்தது. ஆனால் அங்கே ஒருவர் கூடவே உட்கார்ந்தார். நான் லிங்க் அனுப்பினேன்.

முதல் ரெண்டு சீட்டு

முதலில் பார்த்த டாக்டர் எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் எழுதினார். வயிற்றைப் புரட்டுகிறது, ஒரு பலனும் இல்லை என்று பன்னிரண்டாம் நாள் தம்பி நிறுத்திவிட்டான். இந்த வகை மாத்திரைகளில் தொந்தரவு முதல் வாரமே வந்துவிடும், பலன் தெரிய மூன்று நாலு வாரம் ஆகும் என்று அவர் சொன்னாரா, சொல்லி இவன் காதில் ஏறவில்லையா, தெரியவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது எவ்வளவு சொல்ல முடியும். எங்களுக்கு அன்று இன்னொன்றும் தெரியாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் மாத்திரையிலேயே முழுதாகத் தேறியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு. மற்றவர்களுக்கு மாற்றிப் பார்த்தார்கள், கூடவே இன்னொன்று சேர்த்துப் பார்த்தார்கள். அதாவது மாத்திரையை மாற்றுவது டாக்டர் தோற்றதாக அர்த்தமில்லை, வேலையே அப்படித்தான். இது தெரிந்திருந்தால் “அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல” என்று நான் போனில் கத்தியிருக்க மாட்டேன்.

ரெண்டாவது டாக்டர் செர்ட்ராலின் கொடுத்தார். அது 2018 செப்டம்பர். இந்த முறை தம்பி மனைவி கையில் வைத்துக் கொடுத்தாள், ஒருநாள் தப்பவில்லை. அந்த வருஷத் தீபாவளி நவம்பர் 6. நான் ஊருக்குப் போய் இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் சிரித்துக்கொண்டே நின்றான். வீட்டில் எல்லாருக்கும் துணி எடுத்திருந்தான், என் பையனுக்கு சைக்கிள். கடைக்குப் புது பெயிண்ட். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்புள்ள திரும்பி வந்துட்டான்டீ” என்று அழுதார். மாத்திரையை எதிர்த்ததற்காக நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பத்தே நாளில் கஜா வந்தது. வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்ளே வந்த புயல் எங்கள் பக்கமும் மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போனது, ஆனால் டெல்டாவில் நடந்ததற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. தென்னை முழுக்கப் போய், கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்களை எல்லாரும் டிவியில் பார்த்தோம். தம்பி பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. ஆறு ஜெனரேட்டர் வாங்கினான், ஒரு குட்டியானையில் ஏற்றினான், பட்டுக்கோட்டைப் பக்கம் போய்விட்டான். ஊர் ஊராகப் போய் மோட்டாரை ஓட்டி மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினான், செல்போனுக்கு இலவசமாக சார்ஜ் போட்டுக் கொடுத்தான். ராத்திரி மூணு மணிக்கு எனக்கு போன் வரும். டெல்டா முழுக்க ஊருக்கு ஒரு சோலார் நிலையம், அதற்கு ஒரு டிரஸ்ட், அதற்கு ஜப்பானிலிருந்து பணம், கணக்கெல்லாம் போட்டுவிட்டேன்க்கா என்பான். குரலில் அப்படி ஒரு வேகம். நான் அவன் படங்களை எங்கள் ஆபீஸ் குழுவில் போட்டு “என் தம்பி” என்று எழுதினேன். எழுபது பேர் கைதட்டினார்கள்.

பொங்கலுக்கு அவனால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை.

இந்த முறை சோர்வு வேறு மாதிரி இருந்தது. படுத்தே கிடப்பான், ஆனால் உடம்பு ஓயாது. காலை ஆட்டிக்கொண்டே இருப்பான், ஒரு மணி நேரத்துக்குள் அழுகை, கோபம், மறுபடி அழுகை. சுவரில் குத்திக் குத்திக் கை வீங்கியது. போன தடவை செர்ட்ராலின்தானே காப்பாற்றியது என்று நாங்களே போய்ச் சொன்னோம், டாக்டரும் 50-ஐ 100 ஆக்கினார், 150 ஆக்கினார். ஏற ஏற மோசமானது. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், கடைச் சாவிக்கொத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டு, இன்ஷூரன்ஸ் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னானாம். அவள் எனக்கு போன் செய்தாள். “மதினி, நீங்க வந்துருங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அன்று ராத்திரி அவன் பக்கத்தை விட்டு யாரும் நகராதீர்கள் என்று சொல்லிவிட்டு நான் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

“ரொம்ப நல்லா இருந்தது எப்போ?”

மதுரையில் பார்த்தோம். டாக்டருக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். முதலில் தைராய்டு பார்த்தீர்களா, குடி உண்டா, தூக்கம் எப்படி, குடும்பத்தில் யாருக்காவது இந்த மாதிரி உண்டா என்று வரிசையாகக் கேட்டார். தம்பி தலையைக் குனிந்தபடி ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். பத்திரம், சாவி விஷயத்தையும் நேராகவே கேட்டார். சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சீங்களா என்று, தலைவலி இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில். நான் நடுங்கிப்போனேன், தம்பியோ முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்து, “ஆமா சார்” என்றான். அதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று அதுவரை நான் நம்பியிருந்தேன்.

அப்புறம் அம்மா பக்கம் திரும்பினார். “இதுக்கு நடுவுல ரொம்ப நல்லா இருந்தது எப்போம்மா?”

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கஜாக் கதையை ஆரம்பித்தார். ஜெனரேட்டர், பட்டுக்கோட்டை, தண்ணீர்த் தொட்டி, ஊர்க்காரர்கள் போட்ட மாலை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். “எத்தனை மணி நேரம் தூங்குவாரு?” அம்மா பெருமையாகச் சொன்னார், “எங்க சார் தூங்குனான்? ரெண்டு மணி நேரம் தூங்குனா பெரிசு.” “மறுநாள் களைப்பு?” “களைப்பா! பத்து ஆளு வேலை பாப்பான்.” நானும் சேர்ந்துகொண்டு அந்த மூணு மணி போன்களைப் பற்றிச் சிரித்தபடி சொன்னேன். நாங்கள் ரெண்டு பேரும் ஏதோ நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

தம்பி மனைவி வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் ரெண்டு டாக்டரிடமும் அவள் உள்ளே வந்ததே இல்லை, வெளியே பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டாக்டர் அவளைப் பார்த்து, “நீங்க சொல்லுங்கம்மா” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அது மட்டும் இல்ல சார்” என்று ஆரம்பித்தாள். ஜெனரேட்டர் வாங்கிய பணம் அவள் இருபத்தெட்டு பவுனை அடகு வைத்து வந்தது, அவளிடம் கேட்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் பில் தகராறில் மேனேஜரை அடித்து, அவள் அண்ணன் போய்ப் பேசித் தீர்த்திருக்கிறார். பேச்சை நிறுத்தவே மாட்டார், குறுக்கே பேசினால் தட்டு பறக்கும். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மந்திரியைப் பார்க்கப் போகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியவரை நத்தம் தாண்டிப் பிடித்து வந்தார்கள். நாங்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. “நல்லா ஆயிட்டாருன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டீங்க மதினி, நான் எப்படிச் சொல்ல?” என்றாள் என்னிடம். அழவில்லை.

இப்போதும் அந்த அறையை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அவள் மடியில் இருந்த அந்த ஒயர்கூடைதான். அதுவரையான சீட்டு, ஸ்கேன், பில் எல்லாம் அதில் தேதி வாரியாக இருந்தது. தேவைப்பட்ட ஒரே தகவல் கூடையைப் பிடித்திருந்தவளிடம் இருந்தது.

டாக்டர் சொன்னது சுருக்கமாக இதுதான். இது வெறும் மனச்சோர்வு இல்லை, இருதுருவ மனநிலைக் கோளாறு, எல்லாரும் பைபோலார் என்கிறார்களே அது. கீழே இறங்கும்போது பார்க்க மனச்சோர்வு மாதிரியே இருக்கும், பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. மேலே ஏறிய கதை கேட்டால்தான் பிடிபடும். “கீழ போனா ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. மேல போனா எவன் வருவான்? எல்லாரும் கைதட்டுவீங்க” என்றார். எனக்கு ஆபீஸ் குழுவின் எழுபது கைகள் ஞாபகம் வந்தன. இப்படிப்பட்டவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலரை அது மேலே தள்ளிவிடும், சிலருக்கு ஏற்ற இறக்கத்தை வேகமாக்கும். நவம்பரில் நடந்தது செர்ட்ராலின் வேலையா, நோய் தானாகவே ஏறியதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். முந்தைய டாக்டர்களைக் குறை சொல்லவும் விடவில்லை. அவர்கள் பார்த்தது கீழே கிடந்த ஆளை, நீங்கள் சொன்னதும் அதை மட்டும்தானே என்றார்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று அம்மா அடித்துச் சொல்லியிருந்தார். திரும்பி வரும் வழியில், கார் வாடிப்பட்டி தாண்டும்போது, அவரே மெதுவாக, “உங்க சின்னத் தாத்தாவச் சேர்க்கணுமோ?” என்றார். அந்தக் கதை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வருஷாவருஷம் ஓடுகிற காமெடி. ஒரே வாரத்தில் ரெண்டு ஏக்கரை விற்று டூரிங் டாக்கீஸ் ஆரம்பித்தவர், அது மூடியதும் அஞ்சு வருஷம் திண்ணையிலேயே கிடந்தவர். எத்தனை தடவை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

பேட்டரி மருந்து

செர்ட்ராலினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். ராத்திரிக்கு க்வெட்டியாபின், கூடவே லித்தியம். முதல் மூன்று வாரம் மாத்திரை டப்பா தம்பி மனைவியின் பீரோவில், பூட்டிய நிலையில். கடைக்கு நானும் அவளுமாகப் போனோம்.

லித்தியம் என்றதும் தம்பிக்குப் பல வாரத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு வந்தது. “பேட்டரியில போடுறதா சார்?” அதேதான். அது ஒரு சாதாரண உப்பு. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அவை சாந்தமானதைக் கவனித்து, தானும் விழுங்கிப் பார்த்துவிட்டு, இப்படி மேலே ஏறிய வெறிநிலையில் இருந்த பத்துப் பேருக்குக் கொடுத்து 1949-இல் எழுதினார். அதே வருஷம் அமெரிக்காவில் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் உப்பை அளவில்லாமல் போட்டுச் சாப்பிட்டுச் சிலர் செத்ததால் அங்கே அரசு அனுமதி கிடைக்க 1970 ஆகிவிட்டது. மருந்தும் விஷமும் ஒரே பொருள் என்பதை மறக்கக் கூடாது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6-லிருந்து 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5 தாண்டினால் விஷம். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு ரெண்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். சித்தி மகளுக்கு அன்று ராத்திரி நான் அனுப்பியிருந்தால் இந்தப் பேர்தான் போயிருக்கும், இவை எதுவும் கூடப் போயிருக்காது.

நாங்களே ஒருதடவை பட்டோம். 2021 மே, அனல். தம்பிக்கு முழங்கால் வலி, மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கி ஒரு வாரம் போட்டிருக்கிறான். இந்த வகை வலி மாத்திரைகள் லித்தியம் வெளியேறாமல் உடம்பில் தேங்க வைத்துவிடும், வியர்வையில் உப்பும் தண்ணீரும் போனால் இன்னும் கூடும். வாந்தி, கை நடுக்கம், நாக்குக் குழறல். கடையிலிருந்து தள்ளாடி நடந்து வந்தவனைப் பார்த்து, பட்டப்பகலில் குடித்துவிட்டான் என்று தெருவே பேசியது. ரத்தத்தில் 1.9. ரெண்டு நாள் சலைன் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு கடைக் கல்லாவில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், அவன் போடக் கூடாத மாத்திரைகளின் பட்டியலும் ஒட்டியிருக்கிறது.

ஆறேழு வருஷமாக நிலையாக இருக்கிறான். கொஞ்சம் எடை போட்டுவிட்டான், டீ கிளாஸ் லேசாக ஆடும், எந்நேரமும் தண்ணீர் பாட்டில். ஒரு பெண் குழந்தை. ஜெனரேட்டர்களை விற்றாகிவிட்டது, நகையில் பாதிதான் திரும்பியது. எப்போதாவது கேட்பான், “அப்ப அந்த ஊர்ல தண்ணி ஏத்துனது நானா, சீக்கா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அது தண்ணீர்தானே. அவன் மனைவிதான் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள், “நகைய அடகு வச்சது யாருன்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் அதுக்கு வருவோம்.” அந்த வேகம் போனதில் அவனுக்கு ஒரு வருத்தம் உண்டு. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று ரெண்டு தடவை கேட்டிருக்கிறான். அப்படிக் கேட்பதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் சித்தி மகளைக் கூப்பிட்டேன். மாத்திரை பேர் சொல்லவில்லை. இதற்கு முன் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறி உற்சாகமாக, செலவாளியாக இருந்த காலம் உண்டா என்று கேட்டேன். “அவரா? அவரு சேலை எடுக்கவே ரெண்டு கடை ஏறி விலை கேப்பாருக்கா” என்றாள். சாவைப் பற்றி ஏதாவது பேசினாரா என்றும் கேட்டேன். இல்லை என்றாள், ஆனால் குரல் தயங்கியது. அன்றைக்கே 14416-க்குப் பேசு, டெலி மானஸ், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், மாமியாருக்குத் தெரிய வேண்டியதில்லை என்றேன். பேசியிருக்கிறாள். அங்கே வழிகாட்டியபடி ஜிஎச் மனநலப் பிரிவுக்கு, தலைவலிக்குப் போவதாகச் சொல்லி, அழைத்துப் போயிருக்கிறாள். தைராய்டு, பி12 எல்லாம் பார்த்துவிட்டு எஸ்சிட்டலோபிராம் 10 கொடுத்திருக்கிறார்கள். தம்பி பன்னிரண்டாம் நாள் தூக்கிப்போட்ட அதே மாத்திரை. பதினெட்டாம் நாள் போன் செய்தாள். அவராகவே எழுந்து போய்ப் பால் வாங்கி வந்தாராம். “அண்ணனுக்குக் குடுத்ததும் இதுதானேக்கா?” என்றாள். முதலில் இதுதான் கொடுத்தார்கள் என்றேன்.

எழுதி முடித்ததும் தம்பிக்கு அனுப்பினேன். படித்துவிட்டுச் சாயங்காலம் கடையிலிருந்து கூப்பிட்டான். எல்லாம் சரி, ஒரு தப்பு இருக்கிறது என்றான். “ஜெனரேட்டர் ஆறு இல்லக்கா, நாலு. ஆறுன்னு நாந்தான் அப்ப எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”